விஎம்மில் பெர்சிஸ்டென்ட் மெமரி: எழுதிய ஃபைல் தங்காமல் போக வைக்கும் தவறுகள்

இன்டெல் தன் ஆப்டேன் (பெர்சிஸ்டென்ட் மெமரியும் அடங்கிய பிராண்ட்) வியாபாரத்தை நிறுத்தப்போவதாக 2022-ல் அறிவித்த பிறகு, வேலூர், காட்பாடி பக்கத்துக் கல்லூரி லேப்களில் பெர்சிஸ்டென்ட் மெமரியை (கரன்ட் போனாலும் டேட்டா அழியாத மெமரி) பழக எளிய வழி விஎம்தான் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்). ஹோஸ்டில் (விஎம் ஓடும் நிஜ கம்ப்யூட்டரில்) உள்ள சாதாரண ஃபைல் ஒன்றை, விஎம்மை ஓட்டும் க்யூஎமு மென்பொருள், என்விடிம் (பெர்சிஸ்டென்ட் மெமரி) மாட்யூலாகக் கெஸ்டுக்கு (விஎம்முக்குள் ஓடும் சிஸ்டத்துக்கு) காட்டும். சிக்கல் பெரும்பாலும் இந்த ஃபைலில்தான் இருக்கும். கெஸ்டுக்குள் கோடைக் கிண்டுவதற்கு முன் ஹோஸ்டைப் பாருங்கள்.

எல்லாரும் முதலில் சறுக்குவது ஷேர் விஷயத்தில். மெமரி பேக்கெண்ட் ஃபைலுக்கு (ஹோஸ்ட் ஃபைலை விஎம்மோடு இணைக்கும் க்யூஎமு அமைப்பு) ஷேர் ஆப்ஷன் (கெஸ்ட் எழுதுவதை அந்த ஃபைலுக்கே போக வைப்பது) தானாக ‘ஆஃப்’ நிலையில்தான் இருக்கும். ‘ஆன்’ என்று நாமே எழுத வேண்டும். எழுதாவிட்டால் எரர் எதுவும் வராது. கெஸ்டில் ஃபைல் திறக்கும், எழுதும், கெஸ்டை ரீபூட் செய்தாலும் அப்படியே இருக்கும், ஏனென்றால் க்யூஎமு புராசஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. விஎம்மை முழுக்க நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் எழுதியது எதுவும் இல்லை என்று தெரியும். ரீபூட் செய்து பார்ப்பது சோதனையே ஆகாது. விஎம்மை ஆஃப் செய்து, ஹோஸ்ட் ஃபைலின் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது கரன்ட். கத்திரி வெயில் நாளில் யுபிஎஸ் கைவிட்டு ஹோஸ்ட் அணைந்தால், ‘ஃப்ளஷ் செய்துவிட்டேன்’ (நிலையாக எழுதிவிட்டேன்) என்று புரோகிராம் சொன்ன டேட்டாவும் போகலாம். கெஸ்ட் செய்யும் கேஷ் ஃப்ளஷ் ஹோஸ்டின் பேஜ் கேஷ் (ராமில் உள்ள தற்காலிக இடம்) வரைதான் போகும். டிஸ்க்குக்குப் போனதற்கு உத்தரவாதம் இல்லை. சாதாரண டிஸ்க் ஃபைல்தான் இருக்கிறதென்றால் என்விடிம்முக்குப் பதில் விர்ட்டியோ-பிமெம் என்ற டிவைஸ் நல்லது: கெஸ்டில் எஃப்சிங்க் (டிஸ்க்கில் எழுதச் சொல்லும் அழைப்பு) அழைத்தால் ஹோஸ்டிலும் எஃப்சிங்க் நடக்கும். அதில் மேப் சிங்க் (எஃப்சிங்க் இல்லாமல் கேஷ் ஃப்ளஷ் மட்டும் போதும் என்னும் எம்மேப் ஃபிளாக்) கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். மேப் சிங்க் ஃபிளாகை வெறும் ‘மேப் ஷேர்ட்’ ஃபிளாகோடு சேர்த்தால் கெர்னல் அதைக் கண்டுகொள்ளாது. ‘மேப் ஷேர்ட் வேலிடேட்’ கொடுத்தால்தான், ஆதரவு இல்லாத இடத்தில் எரர் வரும்.

லேபிள் (என்விடிம் எப்படிப் பிரிக்கப்பட்டது என்ற குறிப்பு) சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். லேபிள் பகுதி குறைந்தது 128 கேபி. அது ஃபைலின் கடைசியில் உட்காரும். லேபிள் இல்லாமல் ஓடிய பழைய ஃபைலில் பிறகு லேபிள்-சைஸ் சேர்த்தால், வால்பகுதியில் இருந்த ஃபைல் சிஸ்டம் தகவல் கெஸ்டுக்கு எட்டாது, மவுன்ட் கெட்டுப்போகும். முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, ராம் 4 ஜிபி, என்விடிம் 4 ஜிபி என்றால் மேக்ஸ்மெம் (மொத்த மெமரி வரம்பு) குறைந்தது 8 ஜிபி, ஸ்லாட் (மெமரி மாட்யூலுக்கான இடம்) குறைந்தது 1. ஃபைலை ட்ரங்கேட் கமாண்டால் உருவாக்கினால் அளவு மட்டும் காட்டும், இடம் பிடிக்காது. ஹோஸ்ட் டிஸ்க் நிரம்பிய நேரத்தில் கெஸ்ட் எழுதப்போனால் விஎம் பாதியில் நின்றுவிடும். இடத்தை முன்கூட்டியே பிடிக்கும் ஃபாலோகேட் கமாண்டைப் பயன்படுத்துங்கள்.

கெஸ்டில் டிவைஸ் ரீட் ஒன்லி என்று வந்தால், ‘அன்ஆர்ம்டு’ ஆப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். லிப்வர்ட்டில் (விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) பர்மிஷன் மறுக்கப்பட்டால் ஃபைலுக்கு 777 (எல்லாருக்கும் முழு அனுமதி) கொடுக்காதீர்கள். லினக்ஸின் பாதுகாப்பு அமைப்புகளான ஆப்ஆர்மரோ எஸ்இலினக்ஸோ தடுத்திருந்தால் அதனால் பயன் இல்லை, லாகில் ‘டினைட்’ வரியைத் தேடுங்கள்.

ஒரே ஃபைலை இரண்டு விஎம்மில் எழுதும்படி மாட்டாதீர்கள், அதிலுள்ள எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் உடைந்துவிடும். பேக்கப் எடுப்பதும் விஎம்மை நிறுத்திய பிறகுதான்.