ஒன்லைன் டிகிரிக்குக் காசு கட்டுமுன் நான் பார்ப்பவை

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கண்ணில் படும் விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் இருப்பது நிறுவனத்தின் பெயர். நான் முதலில் கேட்பது வேறு: சான்றிதழில் யார் பெயர் வரும்? கொழும்பில் வகுப்பு நடத்துகிறவர் ஒருவர், பட்டம் தருகிறவர் இன்னொருவர் என்றால், சோதிக்க வேண்டியது பட்டம் தருகிறவரைத்தான்.

அந்தப் பெயரை எழுத்துக்கூட்டலோடு அப்படியே எடுத்து, சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் உலக உயர்கல்வித் தரவுத்தளத்தில் தேடுகிறேன். ஓரெழுத்து மாறினாலும் அது வேறு நிறுவனமாக இருக்கலாம்; போலிகளின் பிழைப்பே அதில்தான். இங்கிலாந்து என்றால் பட்டம் வழங்கும் அதிகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். கம்பனிப் பதிவு இலக்கத்தைக் காட்டினால் மயங்க வேண்டாம், அது சிகையலங்காரக் கடைக்கும் கிடைக்கும். அமெரிக்கா என்றால், அங்கீகாரம் கொடுத்த அமைப்பையே அந்நாட்டுக் கல்வித் திணைக்களம் ஏற்கிறதா என்பதே கேள்வி. அங்கீகார அமைப்பையும் போலியாக உருவாக்குகிறார்கள்.

உள்ளூர்த் தனியார் நிறுவனம் தன் பெயரிலேயே பட்டம் தருவதானால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் வந்த வர்த்தமானியைக் கேளுங்கள். அதில் கற்கைநெறியின் பெயரும் இருக்க வேண்டும். அரச வேலை நோக்கமென்றால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்பது நல்லது. வாய்ப்பேச்சு பிறகு உதவாது.

பரீட்சை மேற்பார்வையோடு நடக்கிறதா என்றும் விசாரியுங்கள். “அனுபவத்துக்கே பட்டம்” என்றால் அங்கேயே போனை வைத்துவிடலாம். கட்டணம் பவுணிலா ரூபாவிலா, இடையில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதைக் கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்குங்கள்.