எடை குறைக்கும் ஊசி நமக்குப் பொருந்துமா? முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் என் சித்தி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பாதி தீர்ந்த ஊசிப் பேனா ஒன்றைக் கண்டேன். அது சித்தியின் நாத்தனாருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. குமட்டல் தாங்காமல் அவர் நிறுத்திவிட, வீணாகக் கூடாதென்று சித்தியிடம் வந்திருக்கிறது. ஊசிமுனையை மாற்றினாலும் பேனா வழியாக நோய்த்தொற்று பரவக்கூடும். மேலும், அந்தப் பேனாவில் இருந்த எடை குறைப்பு மருந்தான செமாகுளுடைட் வாரத்துக்கு 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை படிப்படியாக உயர்த்தப்படும் மருந்து. ஒருவர் ஏறி நின்ற படியில் இன்னொருவர் கால் வைக்கக் கூடாது.

கண்ணாடியைப் பார்த்து முடிவெடுப்பதும் தவறு. உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 30-ஐ எட்டியவர்களுக்கும், 27-ஐ எட்டி இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற நோயும் உள்ளவர்களுக்குமே பொதுவாக இம்மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. நம்மைப் போன்ற இந்திய வம்சாவளியினருக்கு இதைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வரக்கூடும் என்பதால், இடுப்புச் சுற்றளவையும் சர்க்கரை அளவையும் சேர்த்தே மருத்துவர் எடைபோட வேண்டும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது, ஏற்கெனவே விழுங்கும் மாத்திரைகளைச் சொல்லாமல் விடுவதுதான். இன்சுலினோ, கிளிக்லசைடு, கிளிமிபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரைகளோ எடுப்பவர்கள் இந்த ஊசியையும் சேர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். தைப்பூசக் காவடிக்காகப் பத்து நாள் விரதம் இருப்பவர்கள், உணவு குறையும் அந்நாட்களில் மருந்தின் அளவை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்டே ஆக வேண்டும். சாமி காரியம் என்று மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படுவோர் நம்மில் பலர். கணைய அழற்சி வந்தவர்கள் அதையும் மறைக்கக் கூடாது. கருத்தரிக்க விரும்பும் பெண்கள் செமாகுளுடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

கல்யாணத்துக்குள் இளைத்துவிட்டு நிறுத்திவிடலாம் என்ற கணக்கும் பொய்த்துப்போகும். 2021-இல் வெளியான ஆய்வில், 68 வாரங்களில் செமாகுளுடைட் எடுத்தவர்களின் எடை சராசரியாக 14.9 விழுக்காடு குறைந்தது. மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஆகவே முதல் மாதச் செலவை மட்டும் பார்க்காமல், மருத்துவக் காப்புத் திட்டம் எதைத் தரும், எத்தனை ஆண்டு தாங்க முடியும் என்று எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுப்படியாகவில்லை என்பதற்காக, தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமான சாப்ராவின் அனுமதி பெறாத ஊசியை இணையத்திலோ அழகு நிலையத்திலோ வாங்காதீர்கள்.

சித்தி அந்தப் பேனாவை மருந்துக் கடையில் ஒப்படைத்துவிட்டு, தம் மருத்துவரைப் பார்த்தார். குடும்பத்தில் யாருக்கேனும் தைராய்டுப் புற்றுநோய் இருந்ததா என்பதே முதல் கேள்வி. அது மெடுல்லரி என்ற வகையாயின் இந்த ஊசியே கூடாது. பெரியம்மாவுக்குக் கழுத்தில் அறுவை நடந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது, எதற்காக என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் அண்ணன் இப்போது பழைய காகிதங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். அது கிடைக்கும்வரை ஊசி வேண்டாம் என்று சித்தி காத்திருக்கிறார்.