மூட்டு டிபி: ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நடக்கும் தவறுகள்

ஒரு முட்டி மட்டும் மாதக்கணக்கில் வீங்கிக் கிடந்தால், வடசென்னையில் முதலில் எண்ணெய்த் தேய்ப்பு, அப்புறம் புத்தூர் கட்டு, கடைசியில் முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி. இருமலே இல்லாததால் டிபி என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மூட்டு டிபிக்கு இருமல் இருந்தாக வேண்டியதில்லை. அந்த ஊசி வீக்கத்தைக் கொஞ்ச நாள் அடக்கும். கிருமியை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்தே அடக்கிவிடும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் கோளாறு எதுவும் தெரியாது. ஒரே மூட்டில் தீராத வீக்கம், தொடைச் சதை மெலிவு, குழந்தை தூக்கத்தில் வலியால் வீறிடுவது இருந்தால் எம்ஆர்ஐயும் சதைப் பரிசோதனையும் கேளுங்கள்.

அந்தச் சதையை எடுக்கும் நாளில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. எடுத்த மொத்தத்தையும் ஃபார்மலின் (சதை கெடாமல் வைக்கும் திரவம்) பாட்டிலில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும். கல்ச்சரில், அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்டில், எதுவும் வளராது. எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போகும். பாட்டில் இரண்டு வேண்டும்: பயாப்சிக்கு (சதையை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) ஃபார்மலின், சிபிநாட்டுக்கும் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) கல்ச்சருக்கும் நார்மல் சலைன் (உப்பு நீர்) விட்ட சுத்தமான பாட்டில். தியேட்டருக்குப் போகும் முன்பே வார்டில் கேட்டுவிடுங்கள். மூட்டில் கிருமி குறைவாகவே இருக்கும் என்பதால், சிபிநாட் நெகட்டிவ் என்றாலும் டிபி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

சூடும் சிவப்பும் இல்லாத டிபி சீழ்க்கட்டியைச் சாதாரணக் கட்டி என்று கீறிவிட்டால், அது ஆறாத புண்ணாகி மாதக்கணக்கில் கசியும். தடித்த ஊசியை, நல்ல தோல் உள்ள பக்கத்திலிருந்து செலுத்தி உறிஞ்ச வேண்டும்.

வலிக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார்கள். இதமாகத்தான் இருக்கும். ஆனால் மடங்கிய நிலையிலேயே மூட்டு இறுகி, கீழ்க்கால் எலும்பு பின்னால் நழுவிவிடும். டிராக்ஷனோ (எடை கட்டிக் காலை இழுத்து வைப்பது) ஸ்பிளிண்டோ (காலை அசையாமல் தாங்கும் கட்டு) போட்டு நேராக வையுங்கள். குருத்தெலும்பு அரிக்கும் முன்பே மாத்திரை தொடங்கினால் பலருக்குக் கத்தியே தேவைப்படாது.

மூட்டு சிதைந்தபின் எந்த ஆபரேஷன் என்பதைப் பிழைப்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். முட்டியின் மேல், கீழ் எலும்புகளை மடங்காதபடி ஒன்றாக இணைத்துவிட்டால் வலி போகும், பாரம் தாங்கும். சம்மணமிடவோ இந்தியக் கழிப்பறையில் குந்தவோ முடியாது. இடுப்பில் தொடை எலும்பின் தலையை எடுத்துவிட்டால் குந்தலாம். கால் சில சென்டிமீட்டர் குட்டையாகும், தடி வேண்டியிருக்கும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கூடை தூக்குபவருக்கும் வீட்டிலிருக்கும் பாட்டிக்கும் ஒரே பதில் இருக்காது. செயற்கை மூட்டு என்றால் நோய் அடங்கியது இஎஸ்ஆர், சிஆர்பி (உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள்), ஸ்கேன் மூன்றிலும் தெரிய வேண்டும். சீழ் கசியும்போது அவசரப்படக் கூடாது.

"வெட்டி எடுத்தாச்சே" என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் ஏராளம். ஆபரேஷன் கெட்ட சதையைத்தான் எடுக்கிறது. மிச்சக் கிருமியைக் கொல்வது மாத்திரை. மருந்துக்குக் கட்டுப்படும் டிபி என்றால் முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 10 மாதம் மூன்று. சிலருக்கு 18 மாதம்வரை நீளும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் ஆனாலும் இலவச மாத்திரையை வீட்டருகே உள்ள மாநகராட்சி சுகாதார மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று: டிபி மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், ரிவராக்சபன் மாத்திரைகள் சரியாக வேலை செய்யாது. ஆபரேஷனுக்கு முந்தைய நாளே மாத்திரை அட்டையை மயக்க மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.