பழைய மடிக்கணினியின் வைஃபை கார்டை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

வீட்டுக்கு நொடிக்கு 1 கிகாபிட் கண்ணாடியிழை இணைப்பு வந்திருந்தும் மடிக்கணினியில் 40 மெகாபிட்டைத் தாண்டவில்லை என்றால், இணையச் சேவை நிறுவனத்தை அழைப்பதற்கு முன் அந்த மடிக்கணினிக்குள் இருக்கும் வைஃபை கார்டு எது என்று பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் குறைந்த விலையில் விற்கப்பட்ட மடிக்கணினிகள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் பிடிக்கும், ஒற்றை ஆன்டெனா வயர் கொண்ட கார்டுதான் இருக்கும். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அத்தகைய கார்டின் உச்ச இணைப்பு வேகமே 72 மெகாபிட்தான். அதில் கைக்கு வந்து சேர்வது ஏறக்குறைய பாதி. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்கில் நிலைமை இன்னும் மோசம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே இருக்க, மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு என எல்லா வீட்டு ரூட்டர்களும் அந்த மூன்றுக்குள்தான் முண்டியடிக்கின்றன.

எங்கள் வீட்டுப் பழைய மடிக்கணினிக்குப் புதிய கார்டு பொருத்தியபோது கவனித்தவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். விண்டோஸ் பயன்படுத்தத் தெரியும், திருப்புளி பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

கார்டுதான் காரணமா?

மடிக்கணினியை வழக்கமாக வைக்கும் மேசையிலேயே உங்கள் கைப்பேசியை வைத்து, அதே வைஃபையில் வேகத்தைச் சோதியுங்கள். கைப்பேசி 300, 400 மெகாபிட் காட்டி மடிக்கணினி மட்டும் முடங்கினால் கார்டைச் சந்தேகிக்கலாம். இரண்டுமே மெதுவாக இருந்தால் பிரச்சினை ரூட்டரிலோ அது இருக்கும் இடத்திலோ இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே கட்டப்பட்ட பாதுகாப்பு அறையான பாம் ஷெல்ட்டருக்குள் ரூட்டரை வைத்துக் கதவையும் சாத்திவிடும் வீடுகள் உண்டு. கம்பி கட்டிய கான்கிரீட் சுவரும் எஃகுக் கதவும் உள்ள அந்த அறையிலிருந்து, வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை வெளியே வருவது கடினம். அப்படிப்பட்ட வீட்டில் கார்டை மாற்றிப் பயனில்லை. ரூட்டரை வரவேற்பறைக்குக் கொண்டுவருவதே முதல் வேலை.

அடுத்து, ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியைத் திறந்து ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ என்பதன் கீழ் இருக்கும் கார்டின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அமைப்புகளில், இணைந்திருக்கும் வைஃபையின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பக்கத்தில் இணைப்பு வேகம், அலைவரிசை, தடம் ஆகிய மூன்றும் தெரியும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள், மாற்றிய பிறகு ஒப்பிட உதவும்.

யுஎஸ்பி அடாப்டரா, உள்கார்டா?

கார்டு மதர்போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய மடிக்கணினி என்றாலோ, அலுவலகம் கொடுத்த மடிக்கணினி என்றாலோ யுஎஸ்பி அடாப்டர்தான் வழி. அலுவலகப் பொருளின் அடிமூடியைத் தொடவே வேண்டாம். மற்றபடி என் விருப்பம் எப்போதும் உள்கார்டுதான். மடிக்கணினியின் ஆன்டெனா வயர்கள் திரையின் ஓரங்கள்வரை ஓடுகின்றன. நகம் அளவே உள்ள யுஎஸ்பி அடாப்டருக்குள் அந்த நீளத்துக்கு இடமே கிடையாது. யுஎஸ்பிதான் வாங்கப் போகிறீர்கள் என்றால், நிமிர்த்தி வைக்கக்கூடிய ஆன்டெனா உள்ளதை வாங்கி, ஒரு சிறிய நீட்டிப்பு வயரில் மாட்டி, மடிக்கணினியிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 3.0 துளையும் அதில் மாட்டிய ஹார்டு டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்பும் என்பது நெடுநாளாகத் தெரிந்த சங்கதி. லினக்ஸ் பயன்படுத்துவோர் மீடியாடெக் சில்லு உள்ளதாகத் தேடி வாங்கினால், அதை இயக்கும் மென்பொருளான டிரைவருக்காக அலைய வேண்டியிருக்காது.

உள்கார்டு வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அளவு. இன்றைய கார்டுகள் ‘எம்.2 2230’ வகை, அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். அதற்கு முந்தைய மடிக்கணினிகளில் ‘மினி பிசிஐ எக்ஸ்பிரஸ்’ அரைக் கார்டு இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா.

இரண்டாவதில்தான் பலரும் பணத்தை வீணடிக்கிறார்கள். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை தமக்குள்ளேயே முழுமையான கார்டுகள். பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற பொதுவான இணைப்பு வழியாக எந்த நிறுவனத்தின் செயலியோடும் பேசும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை ‘சிஎன்விஐ’ வகையைச் சேர்ந்தவை. அவற்றின் வேலையில் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட சில இன்டெல் செயலிகளும் சிப்செட்டுகளும்தான் செய்கின்றன. ஏஎம்டி மடிக்கணினியிலோ பழைய இன்டெல் மடிக்கணினியிலோ அவற்றைச் செருகினால் கணினிக்கு அங்கே ஒரு கார்டு இருப்பதே தெரியாது. இரண்டின் வடிவமும் ஒன்று, விலையும் ஏறத்தாழ ஒன்று, பெயரில் ஓர் இலக்கம்தான் வித்தியாசம் என்பதால், 211 பெரிய எண், ஆகவே அதுதான் புதியது, சிறந்தது என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். எம்.2 இடம் உள்ள பழைய மடிக்கணினிக்கு நான் சொல்லும் கார்டு ஏஎக்ஸ்210. இரண்டு ஆன்டெனா, வைஃபை 6இ (6 கிகாஹெர்ட்ஸையும் பிடிக்கும் வகை), கூடவே புளூடூத். 20 முதல் 40 சிங்கப்பூர் வெள்ளிக்குள் கிடைத்துவிடும். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் சதுக்கத்தில் நேரில் வாங்கினால், கார்டின் மேல் ஒட்டியிருக்கும் சிட்டையில் எண்ணைப் படித்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

மூன்றாவது, மடிக்கணினியின் பயாஸ், அதாவது கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள். பழைய மாடல்கள் சில, தயாரிப்பாளர் அனுமதித்த கார்டுகளைத் தவிர வேறெதையும் ஏற்காமல், கணினி தொடங்கும்போதே பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். உங்கள் மாடலின் பெயரோடு ஏஎக்ஸ்210 என்று சேர்த்துத் தேடிப் பார்த்தால், ஏற்கெனவே மாற்றியவர்களின் அனுபவம் கிடைக்கும்.

திறப்பதற்கு முன்

புதிய கார்டுக்கான டிரைவரை இன்டெல் தளத்திலிருந்து இறக்கி மடிக்கணினியிலேயே சேமித்துவிடுங்கள். கார்டை மாற்றிய பிறகு இணையம் இருக்காது. இணையம் இல்லாமல் டிரைவர் கிடைக்காது. மறந்துவிட்டால் ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி வயரில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் ‘டெதரிங்’ போட்டுக்கொள்ளலாம். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் வட்டு பூட்டப்பட்டிருந்தால், அதன் மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். பயாஸில் கைவைக்க நேர்ந்தால் கணினி அதைக் கேட்கக்கூடும்.

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ‘ஷட் டவுன்’ கொடுங்கள், அப்போதுதான் விண்டோஸ் முழுமையாக அணையும். மின்வயரைக் கழற்றி, அடிமூடியின் திருகுகளை அவை இருந்த வரிசையிலேயே ஒரு தாளில் ஒட்டி வையுங்கள். நீளமும் குட்டையுமாக இருக்கும் திருகுகளை இடம் மாற்றிப் போட்டால் நீளமானது மேற்பலகையைத் துளைத்துவிடும். மூடியின் இடுக்கை நெம்ப உலோகம் வேண்டாம். காலாவதியான ஈசி-லிங்க் பயண அட்டை ஒன்றே போதும். மூடி திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஆன் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். நம் ஊரின் ஈரக்காற்றில் நிலைமின் தொல்லை குறைவுதான். இருந்தாலும் குளிர்சாதனம் ஓடும் அறையில் கம்பளத்தின் மேல் உட்கார்ந்து இதைச் செய்யாமல், ஏதாவது ஒரு பெரிய உலோகப் பொருளைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஆன்டெனா வயர்: பொறுமை வேண்டிய இடம்

பழைய கார்டின் ஒரு முனையில் ஒரு திருகும், அதன் அருகே கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய வயர்களும் தெரியும். எதையும் தொடுவதற்கு முன் ஒரு படம் எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல், அதன் நுனியில் உள்ள உலோகத் தொப்பிக்கு அடியில் பிளாஸ்டிக் முனையைக் கொடுத்து நேர்மேலாகத் தூக்குங்கள். திருகைக் கழற்றியதும் கார்டு தானாகச் சாய்வாக எழும்பும்; அதே சாய்வில் வெளியே உருவுங்கள். புதியதையும் அதே சாய்வில் பள்ளம் பார்த்துச் செருகி, கீழே அமுக்கித் திருகைப் போடுங்கள். இதுவரை கடினம் ஒன்றுமில்லை.

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது அடுத்த படிதான். தொப்பியின் குறுக்களவு சுமார் 2 மில்லிமீட்டர். கார்டில் அது உட்கார வேண்டிய வளையம் அதைவிடச் சிறியது. இரண்டும் நேருக்கு நேர் வரும்வரை அழுத்தவே கூடாது. தொப்பியை வளையத்தின் மேல் வைத்து, விரல் நகத்தால் எடையில்லாமல் மெல்ல அசைத்துப் பாருங்கள்; நடுவில் வந்துவிட்டால் பக்கவாட்டில் நகராமல் நிற்கும். அப்போதுதான், தட்டையான பிளாஸ்டிக் ஒன்றை வைத்து நேராகக் கீழே அழுத்த வேண்டும். சிறிய ‘டிக்’ ஒன்று விரலுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காமலும் போகலாம். சாய்வாக அழுத்தினால் வளையம் நசுங்கிவிடும், அதோடு கார்டின் கதை முடிந்தது. கூர்மையான இடுக்கியை இந்த வேலைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அது வழுக்கி மதர்போர்டின் மேல் விழும். உட்கார்ந்த பிறகு கைப்பேசிக் கேமராவைப் பக்கவாட்டில் வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்: இரண்டு தொப்பிகளும் ஒரே உயரத்தில், கார்டுக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். இந்தத் தொப்பிகள் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே சரியாக உட்கார்ந்ததை மறுபடி கழற்றிச் சோதிக்காதீர்கள்.

முக்கிய ஆன்டெனா, துணை ஆன்டெனா என்ற குறி கார்டில் 1, 2 என்றோ முக்கோணமாகவோ இருக்கும். எந்த நிற வயர் எதற்குப் போகும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஆகவே முன்பு எடுத்த படத்தைப் பார்த்து மாட்டுங்கள். இந்த இடத்தில் ஏற்படும் பிசகு உடனே வெளியே தெரியாது என்பதுதான் தொல்லை. ஒரு வயர் சரியாக உட்காராவிட்டாலும் ரூட்டருக்குப் பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடும். படுக்கையறைக்குப் போனதும் சமிக்ஞை சரிந்து, இணைப்பு வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ விழும். எனவே அடிமூடியின் திருகுகளை எல்லாம் போடுவதற்கு முன், மூடியை வெறுமனே பொருத்தி, வீட்டின் கடைசி அறைவரை மடிக்கணினியைக் கொண்டுபோய் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

தொடங்கிய பிறகு

பேட்டரியை இணைத்துக் கணினியைத் தொடங்கி, சேமித்து வைத்த டிரைவரை நிறுவுங்கள். புளூடூத்துக்குத் தனி டிரைவர் உண்டு. அதையும் நிறுவ வேண்டும். பிறகு டிவைஸ் மேனேஜரில் கார்டின் ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குப் போய், ‘ப்ரிஃபர்ட் பேண்ட்’ என்பதில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். ரூட்டர் வைஃபை 6 ஆக இருந்து, 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இயங்கினால், அருகிலிருக்கும்போது இணைப்பு வேகம் 1201 மெகாபிட் என்று காட்ட வேண்டும். வைஃபை 5 ரூட்டர் என்றால் 866. கோப்பு இறங்கும் உண்மையான வேகம் அதைவிடக் கணிசமாகக் குறையும், அது கோளாறு அல்ல.

6 கிகாஹெர்ட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் அதன் கீழ்ப்பகுதியான 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 500 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குத் திறந்துவிடும் முடிவை, தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2023இல் அறிவித்தது. ஏஎக்ஸ்210 அதைப் பிடிக்கும். ஆனால் ரூட்டரும் வைஃபை 6இ ஆக இருக்க வேண்டும், விண்டோஸ் 11 வேண்டும், ரூட்டரின் பாதுகாப்பு டபிள்யூபிஏ3 ஆக இருக்க வேண்டும். விண்டோஸ் 10இல் அந்த வைஃபையின் பெயரே பட்டியலில் வராது. அதற்காக மட்டும் புதிய ரூட்டர் வாங்குவது தேவையற்ற செலவு என்பது என் கருத்து. மூன்றறை, நான்கறை வீட்டுக்கு நல்ல 5 கிகாஹெர்ட்ஸே தாராளம்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துச் செய்து பார்த்தவர்கள் எழுப்பிய சில சிக்கல்களை இங்கே சேர்க்கிறேன்.

அடிமூடியைத் திறந்தால் ஒரே ஒரு ஆன்டெனா வயர்தான் இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். விலை குறைந்த மாடல்களில் அப்படித்தான் இருக்கும். அதை 1 என்ற குறியில் மாட்டினால் 5 கிகாஹெர்ட்ஸின் பலன் கிடைக்கும், வேகம் மட்டும் பாதி. இரண்டாவது வயரையே நம்பியிருக்கும் கார்டுகளில் புளூடூத் பலவீனமாகலாம். தனியாக ஓர் ஆன்டெனா வயர் வாங்கித் திரை ஓரமாக ஒட்டலாம்தான். ஆனால் அதற்குத் திரைச் சட்டத்தையும் பிரிக்க வேண்டும் என்பதால் முதல்முறை செய்பவர் அதில் இறங்க வேண்டாம். இதற்கு மாறாக மூன்றாவதாகச் சாம்பல் நிற வயர் ஒன்று மிஞ்சினால், அதன் நுனியில் காப்பு நாடாவைச் சுற்றி ஓரமாகப் படுக்க வையுங்கள்.

மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் மடிக்கணினிக்கு, எம்.2 கார்டை மாட்டித்தரும் இடைப்பலகை வாங்கலாமா என்ற கேள்வியும் வந்தது. வேண்டாம். பழைய மடிக்கணினியின் வயர்த் தொப்பி பெரியது, எம்.2 கார்டின் வளையம் சிறியது, இரண்டும் சேராது. அதே அளவில் வந்த இன்டெல் 7260 அரைக் கார்டைத் தேடுங்கள். வைஃபை 5 வகையான அது 867 மெகாபிட்வரை போகும்.

கார்டு டிவைஸ் மேனேஜரில் தெரிகிறது, ஆனால் மஞ்சள் முக்கோணத்தோடு ‘கோடு 10’ என்று நிற்கிறது என்றால், டிரைவரை நீக்கித் திரும்ப நிறுவுவதற்கு முன் கணினியை முழுமையாக அணைத்து, மின்வயரைக் கழற்றி, ஆன் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே போதும்.

கணினி உறங்கி எழுந்ததும் வைஃபை காணாமல் போனால், கார்டின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதியில், மின்சேமிப்புக்காக இந்தச் சாதனத்தை அணைக்கக் கணினிக்கு அனுமதி தரும் குறியை எடுத்துவிடுங்கள். அந்தப் பகுதி சில புதிய மாடல்களில் தெரியாது. அவற்றில் டிரைவரைப் புதுப்பிப்பதே வழி.

யுஎஸ்பி அடாப்டரை மாட்டியதும் வைஃபைக்குப் பதிலாகக் குறுந்தட்டு ஒன்று தெரிகிறதென்றால் பழுது எதுவுமில்லை. டிரைவரைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் வகை அது. அந்தத் தட்டிலுள்ள டிரைவரை நிறுவிய பிறகு ‘இஜெக்ட்’ கொடுத்தால் வைஃபை அடாப்டராக மாறிக்கொள்ளும்.