குட்டிக் கார் அணிவகுப்பு: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை வரும் போர்வீரர் நினைவு நாளிலிருந்து ஜூலை 4 சுதந்திர தினம் வரை, அமெரிக்காவின் சிற்றூர்களில், குழந்தைகள் மருத்துவமனைகளை நடத்தும் தோழமை அமைப்பான ஷ்ரைனர் சங்கங்களின் குட்டிக் கார் குழுக்களுக்கு ஓய்வே இருக்காது. சிவப்பு ஃபெஸ் தொப்பி அணிந்த ஆறடி மனிதர்கள், முழங்கால் மோவாயைத் தொடும்படி சின்னஞ்சிறு கார்களில் மடங்கி உட்கார்ந்து, வட்டமும் ஒருவரையொருவர் குறுக்கே கடக்கும் எட்டு வடிவமும் போடுவார்கள். தெருவோரம் முழுக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தனை பாடு.

இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்களின் பயிற்சியைப் பார்த்தேன். நாங்கள் சேர்ந்த காலத்தில் செய்த அதே தவறுகள், அதே வரிசையில். பெட்ரோல், டயர் காற்று பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. வண்டி ஓட்டத் தெரிந்த எவருக்கும் அது தெரியும்.

முன்னால் போவதை ஒட்டியே ஊர்வது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அணிவகுப்பு நடை வேகத்தில்தான் நகரும். புதியவர் என்ன செய்கிறார்? முன்னால் போகும் அலங்கார வண்டிக்குப் பின்னாலேயே, ஆக்சிலரேட்டரை அரைகுறையாக மிதித்தபடி அங்குலம் அங்குலமாக நகர்கிறார். இடைவெளி விடக் கூடாது என்று அவராகவே முடிவு செய்துகொள்கிறார்.

பெரும்பாலான குட்டிக் கார்களில் இருப்பது புல்வெட்டும் இயந்திர வகையைச் சேர்ந்த ஐந்தாறு குதிரைத்திறன் எஞ்சின். கியர் கிடையாது, மையவிலக்கு கிளட்ச்தான். எஞ்சின் வேகமெடுக்கும்போது உள்ளே இருக்கும் கட்டைகள் வெளிப்பக்கம் விரிந்து உருளையைப் பற்றிக்கொள்ளும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்றில் பிடிக்கத் தொடங்கி, அதற்கும் மேலே போனால்தான் வழுக்காமல் முழுதாகப் பிடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து அங்குலச் சக்கரம், கிளட்சின் செயின் பல்சக்கரத்தில் 10 பல், பின் அச்சில் உள்ளதில் 60 பல் என்றால், 2,400 சுற்றில் வண்டி மணிக்கு 19 கிலோமீட்டர் போக வேண்டும். நீங்களோ ஐந்தில் ஊர்கிறீர்கள். மிச்ச வேகம் முழுவதும் உராய்வாகி, கிளட்சுக்குள் வெப்பமாகத் தேங்குகிறது. அச்சில் 72 பல் சக்கரம் போட்டால் 16 கிலோமீட்டருக்கு இறங்கும். அப்போதும் ஊர முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை வெயிலில் ஒருவர் இப்படியே வழி நெடுக ஊர்ந்து வந்தார். பாதித் தொலைவில் தீய்ந்த வாடை, பிறகு புகை, பிறகு வண்டி நின்றே போனது. இரண்டு பேர் தங்கள் கார்களை விட்டு இறங்கி அதைத் தள்ள வேண்டியதாயிற்று. மூன்று கார் குறைந்தால் எட்டு வடிவம் ஏது? கழற்றிப் பார்த்தபோது கிளட்ச் உருளை நீலம் பாரித்திருந்தது. கிளட்ச் மட்டமான சரக்கு என்று சாதித்தார் அவர். புதியதை வாங்கி மாட்டினார். அடுத்த அணிவகுப்பிலும் அதேபோல் ஊர்ந்து அதையும் எரித்தார். ஓட்டும் விதத்தைப் பற்றி யார் சொன்னாலும் காதில் வாங்கவில்லை.

செய்ய வேண்டியது எளிது. முழுதாக நில்லுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். முன்னால் நல்ல இடைவெளி விழட்டும். தலைவர் சைகை காட்டியதும் எல்லோரும் சேர்ந்து வேகமாகக் கிளம்பி, வட்டமும் எட்டும் போட்டு, இடைவெளியை நிரப்பி மறுபடி நில்லுங்கள். தெரு ஊர்ந்துகொண்டிருக்கும்போதே வண்டியை வேகமாக ஓட்டுவதற்கு வழி செய்பவைதான் அந்த வட்டங்கள். குழந்தைகள் பார்க்க வந்திருப்பதும் அவற்றைத்தான். நிற்கிற நேரம் வீணாவதில்லை; ஓரத்தில் நிற்பவர்களோடு நாலு வார்த்தை பேசக் கிடைப்பதே அப்போதுதான்.

இன்னொன்று: கிளட்சின் நடுவில் உள்ள புஷ்ஷுக்கு (தண்டைச் சுற்றியிருக்கும் உலோக வளையத்துக்கு) இரண்டு சொட்டு எண்ணெய் போதும். அதிகம் விட்டால் கட்டைகளில் தெறித்து, பிடிமானமே போய்விடும்.

எட்டின் நடுவில் பிரேக் போடுவது

குறுக்கே வரும் காரைக் கண்டதும் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போக விடாதீர்கள். எதிரே வருபவர் உங்கள் வேகத்தை நம்பித்தான் தன் நேரத்தைக் கணித்திருக்கிறார். நீங்கள் தயங்கினால் அவர் உங்கள் கதவில் வந்து இடிப்பார். கண்ணாடியிழை உடல் விரிசல் விடும். அதைப் பூசிச் சாயமடிக்க ஒரு வாரம் ஆகும். வேகம் சீராக இருந்தால் சந்திப்பில் எல்லோருக்கும் இடம் இருக்கிறது. காலி வாகன நிறுத்துமிடத்தில் முதலில் நடந்தே எட்டுப் போட்டுப் பழகுங்கள்.

ஓடும் காரிலிருந்து மிட்டாய் வீசுவது

வேண்டாம். மிட்டாய்க்குப் பின்னால் குழந்தை வரும்.

தனி வித்தை காட்டுவது

கூடாது.

முடிந்ததும் கிளம்பிவிடுவது

கடைசித் தெருமுனையில் காரை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு போய்விடுகிற புதியவர்கள் இருக்கிறார்கள். காரை டிரெய்லரில் ஏற்றுவதும், பட்டை இழுத்துக் கட்டுவதும், தளர்ந்த செயினை ஒருவர் பிடிக்க மற்றவர் முடுக்குவதும் யாருடைய வேலை? இந்தக் குழுவில் என் நெருங்கிய நண்பர்கள் எல்லோரும் டிரெய்லர் ஓரத்தில் கிடைத்தவர்கள். அணிவகுப்பில் அவரவர் காரில் தனியாகத்தான் இருக்கிறோம். பேச்சு, கிண்டல், வீட்டுக் கவலை, எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள்.

மருத்துவமனை பற்றிக் கேட்டால் விழிப்பது

இது சின்ன விஷயமாகத் தோன்றும், எனக்கு அப்படியில்லை. 1870-களில் நியூயார்க்கில் கேளிக்கைக்கும் தோழமைக்குமாக வளர்ந்த எங்கள் ஷ்ரைனர் சங்கம், 1922-இல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் முதல் குழந்தைகள் மருத்துவமனையைத் திறந்தது. எலும்பு, மூட்டுக் குறைபாடுகள், தீக்காயம், முதுகுத்தண்டுக் காயம், பிளவுபட்ட உதடு ஆகியவற்றுக்கு இன்று அந்த மருத்துவமனைகளில் குடும்பத்தின் பணவசதியைப் பார்க்காமல் குழந்தைகளுக்குச் சிகிச்சை தருகிறார்கள். ஃபெஸ் தொப்பியைப் பார்த்ததும் ஒரு தாய் ஓரத்திலிருந்து வந்து, தன் மகனின் கால் வளைவைப் பற்றிக் கேட்பாள். "எனக்குத் தெரியாதே" என்று தோளைக் குலுக்கிய ஒருவரை நேரில் பார்த்திருக்கிறேன். நீங்கள் மருத்துவம் பேச வேண்டாம். குழந்தையை மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பதற்கான தொலைபேசி எண் அச்சிட்ட அட்டைகளைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். வியர்வையில் நனையாதபடி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.