அஸ்கபான் கைதியை இரண்டாம் முறை பார்க்கும்போது

ஹாரி பாட்டர் வரிசையின் மூன்றாவது படமான ‘பிரிசனர் ஆஃப் அஸ்கபான்’ (2004) கதை தெரிந்த பிறகு பார்த்தால்தான் முழுசாகப் பிடிபடும். முதல் இரண்டையும் கிறிஸ் கொலம்பஸ் இயக்கினார். இது மெக்சிகோக்காரரான அல்ஃபோன்சோ குவாரோன் எடுத்தது. நாவலின் முடிச்சு காலத்தில் இருக்கிறது என்று கண்டுகொண்ட அவர், அதை வசனத்தில் கொட்டாமல் காட்சிகளுக்குள் ஒளித்து வைத்தார்.

முதலில் டிவியைச் சரிசெய்யுங்கள். மோஷன் ஸ்மூத்திங் (ஃபிரேம்களுக்கிடையே டிவியே செயற்கை ஃபிரேம் சேர்க்கும் வசதி) ஓடிக்கொண்டிருந்தால் நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படம் சீரியல் போல வழுக்கும், அதை அணைத்துவிடுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிகிறதே என்று ஜூம் செய்தால் இரண்டு ஓரமும் போய்விடும், இந்தப் படத்தில் பாதி வேலை ஓரத்தில்தான் நடக்கிறது. மைக்கேல் செரசினின் ஒளிப்பதிவு சாம்பலும் நீலமுமாக, வேண்டுமென்றே இருட்டாக இருக்கும். பிரைட்னஸை ஏற்றினால் கறுப்பு வெளிறிவிடும். அறை விளக்கை அணைப்பதே நல்லது. வசனம் ஏற்கெனவே தெரியும் என்பதால் சப்டைட்டிலும் வேண்டாம். அது கண்ணைக் கீழேயே கட்டிப்போடும்.

142 நிமிடத்தையும் நிறுத்தாமல் ஒரு தடவை ஓட விடுங்கள். பாஸ் போட்டுப் போட்டுப் பார்த்தால் பிழைகள்தான் சிக்கும், ஓட்டம் தெரியாது. இந்தச் சுற்றில் கவனிக்க இரண்டு விஷயம் போதும். ஒன்று, பள்ளி முற்றத்தின் ராட்சதக் கடிகாரம்: ஊசல் ஆட, அதன் கீழ் பிள்ளைகள் நடக்கிறார்கள், கேமரா பல்சக்கரங்களை ஊடுருவிப் போகிறது. இன்னொன்று, அடிக்கும் வில்லோ மரம். இலை முழுவதையும் ஒரே உதறலில் கொட்டுவது, அருகே வந்த பறவையை அறைந்துவிடுவது என்று காமெடி போல வரும். ஆனால் பருவம் மாறியதைச் சொல்ல ‘சில மாதங்களுக்குப் பின்’ என்ற எழுத்துக்குப் பதிலாக வைத்தது இந்த மரத்தைத்தான்.

அடுத்து, தனிக் காட்சிகளுக்குத் திரும்புங்கள். லீக்கி கால்ட்ரன் விடுதியில் நண்பன் ரானின் அப்பா ஆர்தர் வீஸ்லி ஹாரியை ஓரமாக அழைத்துப்போய், அஸ்கபான் சிறையிலிருந்து தப்பிய சிரியஸ் பிளாக்கைப் பற்றி எச்சரிக்கும் இடத்தில் ஷாட் எப்போது வெட்டுப்படுகிறது என்று பாருங்கள். வெட்டே வராது. இருவரும் நகர நகர, அசையும் மந்திரச் சுவரொட்டியில் சிரியஸ் கத்திக்கொண்டே இருக்கிறான். வழக்கமான முறையில் ஆளுக்கொரு க்ளோசப் வைத்திருந்தால் அந்த மூன்றாவது ஆள் காட்சியிலேயே இருந்திருக்க மாட்டான். அகலமான லென்ஸ், நீளமான ஷாட்: குவாரோனின் கை அதுதான். பேசுகிறவரை விட்டுவிட்டுப் பின்னால் நிற்பவரைப் பார்க்கப் பழகினால் படமே வேறாகிவிடும். போகர்ட் (பார்ப்பவரின் பயத்தின் உருவை எடுக்கும் மந்திர உயிர்) வகுப்பில் அலமாரிக் கண்ணாடியையும் விடாதீர்கள். கேமரா அதற்குள் நுழைந்துதான் பாடம் தொடங்குகிறது.

உண்மையான விருந்து கடைசிப் பகுதி. ஹாக்ரிட் குடிசைக்கு ஹாரி, ரான், ஹெர்மயனி மூவரும் போகும் காட்சி முதல் மருத்துவ அறைக் காட்சி வரை பார்த்துக்கொண்டு, தாளில் ‘காரணம் தெரியாமல் நடந்தவை’ என்று குறியுங்கள். ஜாடி உடைகிறது. ஹாரியின் தலையில் கல் படுகிறது. ஹெர்மயனி மரங்களுக்கிடையே எதையோ பார்த்துவிட்டுச் சொல்லாமல் விடுகிறாள். கோடரி இறங்குகிறது, காகங்கள் பறக்கின்றன. ஓநாய்மனிதனை ஓர் ஊளை திசைதிருப்புகிறது. பிறகு டைம் டர்னர் (காலத்தில் பின்னோக்கிப் போக உதவும் மந்திரக் கருவி) சுற்றும் பகுதியைப் போட்டு ஒவ்வொன்றையும் அடித்துக்கொண்டே வாருங்கள். ஒன்றும் மிஞ்சாது. கோடரி பூசணிக்காயில் விழுகிறது. முதல் தடவை நாம், மரண தண்டனை விதிக்கப்பட்ட பாதிக் கழுகு பாதிக் குதிரையான பக்பீக்கின் சாவைப் பார்க்கவே இல்லை, தூரத்திலிருந்து நாமாகவே முடிவு கட்டிக்கொண்டோம். இந்தப் பகுதியை ஹெட்ஃபோனில் கேளுங்கள், ஜான் வில்லியம்ஸின் இசைக்குள் கடிகாரம் டிக் டிக்கென்று ஓடும். லேப்டாப் ஸ்பீக்கரில் அது அமுங்கிப்போகும்.

நாவலைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிடுவது வீண் வேலை. ஃபயர்போல்ட் துடைப்பம் நாவலில் கிறிஸ்துமஸுக்கே வந்துவிடும், படத்தில் கடைசியில்தான். இது குறையில்லை; பறக்கும் மகிழ்ச்சியை முடிவுக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். ஆனால் பள்ளியில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் மாராடர்ஸ் வரைபடத்தை வரைந்தவர்கள் யார் என்று படம் சொல்லாமலே விட்டது உண்மையான ஓட்டை. வரைந்தவர்களில் ஒருவர் கலைமானாக மாறக்கூடிய ஹாரியின் அப்பா; அதனால் ஹாரியின் பட்ரோனஸ் (காவல் மந்திரத்தின் ஒளியுருவம்) ஏன் கலைமானாக வருகிறது என்பது நாவல் படிக்காதவருக்குப் புரியாது. இயக்கத்தை எவ்வளவு மெச்சினாலும் இதற்குச் சமாதானம் கிடையாது. படத்துக்கு முன்பாகவே நாவலின் 18ஆம் அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள், அது போதும். டைம் டர்னர் வரும் 21ஐ மட்டும் படம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.