அட்டர்னி ஜெனரல் பதவிக்கு ஒருவர் மட்டும் நின்றால்: தென் கரோலினா வாக்காளருக்கு

2022 நவம்பரில் தென் கரோலினாவின் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு வாக்குச்சீட்டில் இருந்தது ஆலன் வில்சன் பெயர் மட்டுமே. மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞரை முடிவு செய்கிற தேர்தல் இது; ஒருவர்தானே என்று விட்டுவிடக் கூடாது.

முதலில் தேதிகள். கட்சி வேட்பாளர்கள் மனு கொடுப்பது மார்ச் 16 முதல் 30 நண்பகல் வரை. அன்று மாலையே மாநிலத் தேர்தல் ஆணையத்தின் வேட்பாளர் பட்டியலைப் பாருங்கள். ஒரு கட்சியில் மட்டும் ஆள் இருந்தால், உண்மையான போட்டி ஜூன் மாத இரண்டாம் செவ்வாய்க்கிழமை நடக்கும் பிரைமரிதான், அதாவது கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல். 2022-இல் வில்சனுக்கு எதிராளி இருந்ததும் அங்கேதான். இந்த மாநிலத்தில் வாக்காளர் பதிவில் கட்சி கிடையாது, எனவே எந்தக் கட்சியின் பிரைமரியிலும் நீங்கள் வாக்களிக்கலாம், ஆனால் ஒன்றில் மட்டும். பெரும்பான்மை கிடைக்காமல் இரண்டு வாரம் கழித்து மறுசுற்று வந்தால், மற்றக் கட்சிக்கு மாற முடியாது.

சுயேச்சையாக யாரையாவது நிறுத்த நினைத்தால் 10,000 வாக்காளர்களின் கையெழுத்து தேவை. கெடு ஜூலை 15 நண்பகல். பதிவு நடப்பில் இல்லாதவர்களின் கையெழுத்து கழிக்கப்படும் என்பதால் சில ஆயிரம் கூடுதலாகவே வாங்குங்கள்.

நவம்பரில் மிஞ்சுவது வாக்குச்சீட்டில் இல்லாத ஒருவரின் பெயரை எழுதி வாக்களிப்பது. இங்கே அந்த நபர் முன்கூட்டிப் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. தொடுதிரையில் அட்டர்னி ஜெனரல் பகுதிக்குப் போய் 'ரைட்-இன்' என்பதைத் தொட்டால் விசைப்பலகை வரும். முழுப்பெயரைப் பிழையில்லாமல் தட்டுங்கள். பலர் கோட்டைவிடுவது வேறோர் இடத்தில். மொத்தமாக ஒரே கட்சிக்கு வாக்களிக்கும் வசதியை முதலில் தொட்டுவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கட்சிக்கு இந்தப் பதவியில் வேட்பாளர் இல்லையென்றால் அந்த இடம் வெறுமையாகவே போகும். ஆகவே அச்சாகி வரும் அட்டையை வரி வரியாகப் படியுங்கள். தப்பு இருந்தால் ஸ்கேனரில் போடுவதற்கு முன்பே பணியாளரிடம் கொடுத்து வேறு அட்டை கேளுங்கள். போட்டபின் திரும்ப வராது.

இந்த ஒரு பதவியை வெறுமையாக விட்டாலும் சீட்டின் மற்ற வாக்குகள் செல்லும்.

முடிவு வந்ததும் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். அது இந்தப் பதவிக்கு விழுந்த வாக்குகளை வைத்துப் போட்ட கணக்கு. பதிவான மொத்தச் சீட்டுகளிலிருந்து இந்தப் பதவிக்கு விழுந்த வாக்குகளைக் கழித்தால், எத்தனை பேர் அந்த இடத்தைத் தொடாமல் விட்டார்கள் என்பது தெரியும்.